கொறடா: சாட்டையிலிருந்து சட்டமன்றத்துக்கு

நம்பிக்கை வாக்கெடுப்பு என்றாலே 'கொறடா உத்தரவு பிறப்பித்தார்' என்ற வரி செய்தித்தாளில் கட்டாயம் இருக்கும். ஒரு எம்.எல்.ஏ.வின் பதவியையே பறிக்கும் வலிமை உள்ள உத்தரவு அது. அதைத் தாங்கி நிற்கும் சொல்லின் பொருள் வாக்காளருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கொறடா என்றால் சாட்டை. தெலுங்கில் கொரடா, மராத்தியில் கோரடா. இரண்டுக்கும் அதே பொருள். அந்த வழியில் தமிழுக்கு வந்து, வல்லின றகரத்தோடு நிலைத்துவிட்டது. குறடு என்ற கருவிக்கும் இதற்கும் உறவில்லை.

சாட்டை எப்படிச் சட்டமன்றத்துக்குள் வந்தது? இங்கிலாந்தில் நரி வேட்டைக்குப் போகும்போது, கூட்டத்தை விட்டு விலகி ஓடும் நாய்களைச் சாட்டையோடு திருப்பிக் கொண்டுவர ஓர் ஆள் இருப்பார். 'விப்பர்-இன்' என்ற அவருடைய பணிப் பெயரை, 18ஆம் நூற்றாண்டில் அந்நாட்டு நாடாளுமன்றம் கட்சிக்காரர்களை வாக்களிக்கத் திரட்டி வருபவருக்குச் சூட்டியது. பிறகு அது 'விப்' என்று சுருங்கியது. அவர் அனுப்பும் ஓலைக்கும் அதே பெயர்தான். வாசகத்தின் கீழே ஒரு கோடு இழுத்திருந்தால் சாதாரணத் தகவல், மூன்று கோடு என்றால் கட்டாயம் வந்தாக வேண்டும். தமிழில் ஆளைக் கொறடா என்றும், ஓலையைக் கொறடா உத்தரவு என்றும் பிரித்துவிட்டோம். இதில் நம் வழக்கு ஆங்கிலத்தைவிடத் தெளிவானது.

அன்றாடம் பார்த்தால் கொறடாவின் வேலையில் அதட்டலைவிட அனுசரணைதான் அதிகம். யார் ஊரில் இல்லை, யாருக்கு உடம்பு சரியில்லை, மானியக் கோரிக்கையில் யார் பேச வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். முதல்முறை வென்று வந்தவருக்குப் பேச வாய்ப்பு கிடைப்பதும் பெரும்பாலும் அவர் வழியாகத்தான். ஆகவே அனுபவமுள்ளவர்களைத் தேடித்தான் அந்தப் பொறுப்பு போகும். திருவிடைமருதூரில் 2011 முதல் தொடர்ந்து மூன்று முறை வென்ற கோவி. செழியன், 2021இல் அரசு தலைமைக் கொறடா ஆனார். 2024இல் உயர்கல்வி அமைச்சரானார்.

இனி சட்டத்துக்கு வருவோம். 1967இல் ஹரியானா எம்.எல்.ஏ. கயா லால் இரண்டே வாரத்தில் மூன்று முறை கட்சி மாறினார். 'ஆயா ராம், கயா ராம்' (வந்தார் ராம், போனார் ராம்) என்ற இந்தித் தொடரே அதிலிருந்து பிறந்ததுதான். நீண்ட இழுபறிக்குப் பின் 1985இல், 52ஆவது திருத்தத்தின் மூலம் கட்சித் தாவலைத் தடுக்கும் பத்தாவது அட்டவணை அரசியலமைப்பில் சேர்ந்தது. கட்சியோ, கட்சி அதிகாரம் கொடுத்தவரோ இடும் பணிப்பை மீறி வாக்களித்தாலும், வாக்களிக்காமல் ஒதுங்கினாலும் பதவி போகும். 15 நாளுக்குள் கட்சி மன்னித்துவிட்டால் தப்பலாம். அந்த அட்டவணையில் 'விப்' என்ற சொல்லே கிடையாது, 'பணிப்பு' என்ற பொருளில்தான் எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பணிப்பை எல்லாவற்றுக்கும் நீட்டக் கூடாது, அரசின் ஆயுளைத் தீர்மானிக்கும் வாக்கெடுப்புகள், கட்சியின் முக்கியக் கொள்கைகள் ஆகியவற்றோடு நிறுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1992இல் கிஹோடோ ஹோலோஹன் வழக்கில் சொன்னது. எம்.எல்.ஏ.க்கள் மனச்சாட்சிப்படி பேச மிச்சமிருக்கும் இடம் அதுதான். அதைக் கட்சிகள் மதிக்க வேண்டும்.

தமிழ்நாடு இதை 2017இல் கண்ணெதிரே பார்த்தது. பிப்ரவரி 18 அன்று எடப்பாடி பழனிசாமி அரசு நம்பிக்கை வாக்கெடுப்பில் 122க்கு 11 என்ற கணக்கில் வென்றது. எதிர்த்து வாக்களித்த 11 பேரும் ஆளுங்கட்சிச் சின்னத்தில் வென்றவர்கள். அவர்கள் பதவி போகவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் முதலமைச்சர் மீது நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்த 18 பேர், தலைமைக் கொறடா எஸ். ராஜேந்திரனின் புகாரின்பேரில் செப்டம்பர் 18 அன்று தகுதி இழந்தார்கள். இவர்கள் அவையில் எந்த வாக்கையும் மாற்றிப் போடவில்லை. 'தானாகக் கட்சி உறுப்பினர் நிலையைக் கைவிட்டவர்' என்ற இன்னொரு பிரிவு அவர்கள் மீது பாய்ந்தது. இரண்டிலும் முடிவு பேரவைத் தலைவர் கையில்தான் இருந்தது. தகுதி நீக்கம் என்றாலே கொறடா உத்தரவை மீறியதால்தான் என்று நினைப்பது சரியல்ல என்பதற்கு இந்த 18 பேரே சான்று.

அப்புறம், தமிழ்ச் சொல் என்ன? சவுக்கு பாரசீகத்திலிருந்து வந்தது, கசை வடமொழி. சாட்டை இருக்கிறது, ஆனால் ஒரு மக்கள் பிரதிநிதியைச் 'சாட்டை' என்று அழைப்பது எனக்கு ஒப்பவில்லை. இந்திக்காரர்கள் உவமையை உதறிவிட்டு, 'எச்சரிப்பவர்' என்ற பொருளில் 'சசேதக்' என்கிறார்கள். இலங்கை நாடாளுமன்றத்தின் தமிழில் அருமையான சொல் ஏற்கெனவே புழங்குகிறது: முதற்கோலாசான். கோல், ஆசான் என்று பிரியும் அது. அதட்டலும் வழிகாட்டலும் ஒரே சொல்லில் அடங்குகின்றன, சொல்லவும் எளிது. நம் பேரவையும் பத்திரிகைகளும் அதைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். 'அரசு தலைமைக் கொறடா' என்ற இடத்தில் 'அரசு முதற்கோலாசான்' என்று எழுதலாம். கொறடா உத்தரவுக்கு, அட்டவணையின் சொல்லை ஒட்டி, 'கட்சிப் பணிப்பு' என்பதே போதும்.