எடைமேடை கம்ப்யூட்டரில் ஒரு திறந்த கதவு

போன மாங்காய் சீசனில் கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலைக்குப் போயிருந்தேன். வாசலில் கிளிமூக்கு மாங்காய் லோடுகள் எடைக்கு நின்றன. எடைமேடை அறையில் இருந்த லினக்ஸ் கம்ப்யூட்டரில் ஒரு பைதான் ஸ்கிரிப்ட், சீரியல் போர்ட்டிலிருந்து எடையைப் படித்துச் சீட்டு அடித்துக்கொண்டிருந்தது.

போர்ட்டைத் திறக்க அனுமதி இல்லை என்று வந்ததும், அதை அமைத்தவர் ரூட் உரிமையை, அதாவது கம்ப்யூட்டரில் எதையும் செய்யவிடும் நிர்வாகி உரிமையைத் தேடியிருக்கிறார். யார் ஓட்டினாலும் ஃபைலின் உரிமையாளராகவே ஓடவைக்கும் அனுமதிக்கு செட்யூஐடி என்று பெயர். ஸ்கிரிப்ட்டுக்கு நேரடியாக அதைப் போட்டால் லினக்ஸ் கெர்னல் கண்டுகொள்ளாது. அதனால் சி மொழியில் நாலு வரி எழுதி, கம்பைல் செய்து, ரூட் பெயரில் வைத்து, செட்யூஐடி அடங்கிய 4755 அனுமதியைக் கொடுத்துவிட்டார். அந்தக் குட்டி நிரல் ரூட்டாக மாறி பைதானைக் கூப்பிடும். பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

ஆபரேட்டர் தம்பியைப் பக்கத்தில் உட்காரவைத்தேன். எடை ஸ்கிரிப்ட் போர்ட்டைப் படிக்க 'சீரியல்' என்ற மாட்யூலை (துணை நிரலை) ஏற்றும். அவருடைய ஹோம் ஃபோல்டரில் அதே பெயரில் இரண்டே வரியில் ஒரு பைதான் ஃபைல்: ஓட்டுபவரின் யூஐடியை (பயனர் எண்ணை) அச்சிடும், அவ்வளவுதான். மாட்யூலை எங்கே தேடுவது என்று பைதானுக்குச் சொல்லும் பைதான்பாத்தை அந்த ஃபோல்டருக்குத் திருப்பிவிட்டு எடை நிரலை ஓட்டினோம். திரையில் 0 வந்தது. ரூட்டின் எண்.

"அப்ப நான் எது வேணும்னாலும் செய்யலாமாண்ணா?"

செய்யலாம். பழைய சீட்டுகளை அழிக்கலாம், எடையையே மாற்றலாம். அவர் செய்ய மாட்டார். ஆனால் பென்டிரைவ் வழியாக அவர் லாகினுக்குள் எது நுழைந்தாலும் அதற்கும் இதே வழிதான்.

கம்பைல் செய்தால் பூட்டியாகிவிட்டது என்று பலர் நம்புகிறார்கள். சி நிரலை மாற்ற முடியாது, சரி. ஆனால் எந்தப் பைதான் ஓடும், எந்த மாட்யூல் ஏறும் என்பதை பாத், பைதான்பாத் என்ற சூழல் மாறிகள் சொல்கின்றன. அவை ஓட்டுபவர் கையில் இருக்கின்றன. வேறொரு நூலகத்தை முன்கூட்டியே ஏற்றவைக்கும் எல்டி பிரீலோட் மாறியை, செட்யூஐடி நிரலில், நிரலை ஏற்றும் லோடரே ஒதுக்கிவிடும். பைதான்பாத்தை யாரும் ஒதுக்க மாட்டார்கள். இங்கே இன்னும் மோசம், ஸ்கிரிப்ட் ஃபைலே ஆபரேட்டர் பெயரில் இருந்தது.

அந்த சி நிரலையே எடுத்துவிட்டேன். உபுண்டுவில் சீரியல் போர்ட் 'டயல்அவுட்' குழுவுக்கு உரியது. தம்பியின் கணக்கை அதில் சேர்த்து, மறுபடி லாகின் செய்ததும் எடை வந்தது. ரூட் தேவைப்படவே இல்லை.

ரூட் இல்லாமல் முடியாத வேலை என்றால், கட்டளையை ரூட்டாக ஓட்டவிடும் சூடோவில் அந்த ஒரு கட்டளைக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். சி நிரல்தான் வேண்டுமென்றால், பைதானின் முழுப் பாதையைக் கொடுத்து, காலியான சூழல் மாறிகளோடு, தனிமைப்படுத்தும் மைனஸ் 'ஐ' தெரிவோடு கூப்பிடுங்கள். ஸ்கிரிப்ட்டும் அதன் ஃபோல்டரும் ரூட் பெயரில் இருக்கட்டும்.

ஃபைண்ட் கட்டளையில் 'பெர்ம் மைனஸ் 4000' என்று தேடினால் செட்யூஐடி ஃபைல்கள் வரும். சூடோ, மவுண்ட் எல்லாம் அதில் இருப்பது இயல்பு. உங்கள் ஊரில் யாரோ எழுதிக் கொடுத்த பெயர் ஒன்று தெரிந்தால், முதலில் அதைப் பாருங்கள்.