கச்சான் வீசும் நாளில் ஒரு மடிக்கணினி

ஆனி மாதத்து மத்தியானம். மட்டக்களப்பு கல்லடியில் அக்கா வீடு, சீற்றுக் கூரை. வெளியே கச்சான் என்னும் வறண்ட சூட்டுக்காற்று வீசிக்கொண்டிருந்தது. பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கும் மருமகள் கைபேசிச் செயலி ஒன்றைத் தொகுத்துக்கொண்டிருந்தாள்; எழுதிய நிரலை இயங்கும் வடிவத்துக்கு மாற்றும் வேலை அது. விடியற்காலையில் இரண்டு நிமிடத்தில் முடிந்த வேலை, இப்போது நான்கு நிமிடமாகியும் முடியவில்லை.

“காலையில் ஓடியதே மாமா, இப்போது ஏன் தவழ்கிறது?”

விசைப்பலகைக்கு மேலே, திரையின் கீலுக்கு அருகில் விரலை வைத்துப் பார்த்தேன். சில விநாடிகளிலேயே எடுக்க வேண்டியிருந்தது. மின்விசிறி இல்லாத மெல்லிய மடிக்கணினி அது. கொழும்பில் குளிரூட்டிய கடையொன்றில் பார்த்து, பாரம் குறைவு என்பதற்காகவே வாங்கியது. கருவியில் பழுது எதுவும் இல்லை. அது தன்னைக் காத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

கணினியின் மூளையான சில்லுக்குள், மிகச் சிறிய மின் ஆளிகளான திரான்சிஸ்டர்கள் கோடிக்கணக்கில் ஒவ்வொரு விநாடியும் பல நூறு கோடி முறை திறந்து மூடுகின்றன. ஒவ்வொரு முறையும் மிகச் சிறிய மின்னேற்றம் ஒன்று நிரம்பி வடிகிறது. நிரல் எவ்வளவு அரிய கணக்கைப் போட்டாலும், சில்லு வாங்கிய மின்சக்தி கடைசியில் வெப்பமாகத்தான் வெளியேறும். மெல்லிய மடிக்கணினிகளின் சில்லுகள் பெரும்பாலும் தொடர்ந்து 15 வாற்று அளவில் வேலை செய்ய வடிவமைக்கப்பட்டவை. சற்றுத் தடித்தவற்றில் 28, விளையாட்டுக் கணினிகளில் 45 அல்லது அதற்கும் மேல். ஆனால் வேலை தொடங்கிய முதல் சில பத்து விநாடிகளுக்கு இந்த அளவைத் தாண்டி ஓடவும் சில்லுக்கு அனுமதி உண்டு. கடையில் பெட்டியில் அச்சிட்டிருக்கும் பெரிய ஜிகாஹெர்ட்ஸ் வேக எண் அந்தக் குறுகிய ஓட்டத்துக்குரியது. மூச்சு வாங்கத் தொடங்கிய பின் என்ன வேகம் என்பதைப் பெட்டி சொல்வதில்லை.

அந்த வேகத்தைத் தீர்மானிப்பது வெப்பம் வெளியேறும் வழி. விசிறி உள்ள கணினியில் இந்த வழி மிக அழகானது. சில்லின் மேல் தட்டையான செப்புக் குழாய் ஒன்று படிந்திருக்கும். அதன் உட்சுவரில் செப்புத் தூளால் ஆன திரி. அந்தத் திரியில் ஊறிய சில துளி நீர். காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுக் குழாயை மூடியிருப்பதால், இளஞ்சூட்டிலேயே நீர் ஆவியாகிவிடும். ஆவி குழாயின் மறுமுனைக்கு ஓடுகிறது. அங்கே மெல்லிய உலோகத் தகடுகள், அவற்றினூடே விசிறியின் காற்று. பிட்டுப் பானையின் மூடியில் ஆவி பட்டுத் துளியாவதுபோல அங்கே ஆவி மீண்டும் நீராகித் தன் வெப்பத்தைத் தகடுகளுக்குக் கொடுக்கிறது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறும் அதே மயிர்த்துளை விசையால் நீர் சில்லின் பக்கம் திரும்பி வருகிறது. ஒரு கிராம் நீரை உறைநிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரத் தேவையான வெப்பத்தைப்போல ஐந்து மடங்குக்கும் அதிகமான வெப்பம், அதே நீரை ஆவியாக்கத் தேவை. அதனால்தான் சில துளி போதும். 1963இல் அமெரிக்காவின் லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்தில் ஜோர்ஜ் குரோவர் விண்கலங்களை மனத்தில் வைத்து இதை உருவாக்கி, வெப்பக்குழாய் என்று பெயரிட்டார்.

வெளியே வீசிய கச்சானும் இதே கணக்கில்தான் சூடாகிறது. தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் ஏறும்போது நீராவி மழையாகிறது; ஆவியானபோது நீர் உள்வாங்கிய மறைவெப்பம் அப்போது விடுபட்டுக் காற்றிலேயே தங்கிவிடுகிறது. பிறகு கிழக்கே இறங்கும்போது அமுக்கப்பட்டு இன்னும் சூடாகி, உலர்ந்து, மட்டக்களப்பையும் அம்பாறையையும் வாட்டுகிறது. குழாய்க்குள் சில்லைக் காப்பாற்றும் நீராவிதான், மலையில் மழையாகி எங்கள் அறையைச் சூடாக்குகிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு தீர்வதில்லை.

இப்போது அந்த அறையின் சூட்டைக் கணக்கில் சேர்ப்போம். வெப்பம் ஓடும் வேகம், இரண்டு இடங்களின் வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. சில்லு ஏறத்தாழ 100 பாகை வரை தாங்கும் என்று கொள்வோம். குளிரூட்டிய கடையில் 22 பாகை என்றால் வேறுபாடு 78. சீற்றுக் கூரையின் கீழ் 35 என்றால் 65. விசிறி உள்ள கணினி ஆறில் ஒரு பங்கை இழக்கிறது. அது பொறுக்கக்கூடிய இழப்பு. ஆனால் விசிறி இல்லாத கணினியில் வெப்பம் உறை வழியாகவே போக வேண்டும். கையும் மடியும் படும் இடமாகையால் உறையை ஏறத்தாழ 45 பாகைக்கு மேல் சூடாக விடக்கூடாது. கடையில் வேறுபாடு 23, கல்லடியில் வெறும் 10. பாதிக்கும் மேல் போய்விட்டது! மருமகளின் நான்கு நிமிடத்துக்கு இதுதான் விளக்கம். கணினி விமர்சனங்களும் பெரும்பாலும் குளிர்ந்த அறைகளில் இருந்தே எழுதப்படுகின்றன. கிழக்கு மாகாணத்தில் வாழ்கிறவர் அந்த எண்களை அப்படியே நம்பி வாங்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

சூடு எல்லையைத் தொட்டதும் சில்லு தன் வேகத்தையும் மின்னழுத்தத்தையும் சேர்த்தே குறைக்கிறது. வெப்பம் மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் வேகத்தோடும் ஏறுவது. இரண்டையும் ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் வெப்பம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். வேகமோ 80 வீதம் மிஞ்சும். ஆகவே மின்சக்தி அமைப்பில் நாமே உச்ச வேகத்தைச் சற்றுக் குறைத்து வைப்பது நட்டமான காரியம் அல்ல. பற்றரியும் நெடுநேரம் நிற்கும்.

எல்லோருக்கும் தடித்த கணினி தேவை என்று இதற்குப் பொருள் இல்லை. பைதன் நிரல்மொழி பழகுகிறவருக்கும் இணையப் பக்கங்கள் எழுதுகிறவருக்கும் சில்லு பெரும்பாலான நேரம் சும்மாவே இருக்கும். விரலின் வேகத்துக்கு அது ஒருபோதும் திணறாது. 2020இல் வந்த, அப்பிளின் எம்1 சில்லுள்ள மக்புக் எயாரில் விசிறியே இல்லை, அதே சில்லுள்ள மக்புக் புரோவில் உண்டு. சிறு வேலைகளில் இரண்டும் சமம். பல நிமிடம் நீளும் வேலையில்தான் எயார் பின்தங்கும். செயலிகளையும் பெரிய சி++ நிரல்களையும் தொகுக்கிறவர்கள் அந்தப் பல நிமிட வேலைக்காரர்கள். பல்கலைக்கழகங்கள் உள்ள வந்தாறுமூலைக்கோ ஒலுவிலுக்கோ தினமும் பஸ்ஸில் கணினியைச் சுமக்கும் மாணவருக்கு நான் சொல்வது: விசிறி உள்ள, ஒன்றரைக் கிலோ அளவிலான கணினி. முந்நூறு கிராம் கூடுதல் பாரத்தைத் தோள் பழகிக்கொள்ளும்.

வேலை நேரத்து நினைவகமான ரேம் பற்றிச் சுருக்கமாக: 16 ஜிபி. அது நிரம்பினால் கணினி, கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டியில் இடம் தேடும். அங்கே போய்வர ஏறத்தாழ ஆயிரம் மடங்கு நேரம். கைக்கெட்டும் அஞ்சறைப் பெட்டியில் ஒரு விநாடியில் எடுத்த மிளகை, சந்திக் கடைக்குப் போய்ப் பதினேழு நிமிடத்தில் வாங்கி வருவதுபோல. மெல்லிய கணினிகள் பலவற்றில் ரேம் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருப்பதால் பிறகு கூட்ட வழியில்லை. வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

பற்றரியின் கொள்ளளவை வாற்று-மணியில் பாருங்கள். 50 வாற்று-மணி என்றால், நிரலை எழுதி வாசிக்க 6 வாற்று போதும் கணினியில் எட்டு மணி நேரம். தொடர்ந்து தொகுத்தால் இரண்டு மணிக்குள் தீரும். 2022இல் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் இல்லாத நாளைக் கண்டவர்களுக்கு இதன் அருமை தெரியும். முழுதாக நிரம்பிய நிலையில் சூட்டில் கிடப்பதே லித்தியம் பற்றரியை விரைவில் முதுமையாக்குவது. 80 வீதத்தில் நிறுத்தும் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள்.

பயன்பாட்டிலும் வெப்பத்தின் வழியை அடைத்துவிடாதீர்கள். மெத்தையில் வைத்தால் அடிப்பக்கத் துளைகள் மூடிக்கொள்ளும். கடற்கரையோர வீடுகளில் தூசியும் உப்பீரமும் சேர்ந்து தகடுகளுக்கிடையே களிபோல அப்பிவிடும். வருடத்துக்கு ஒருமுறை திறந்து சுத்தம் செய்வது நல்லது. மருமகளின் கணினியின் பின்பக்க அடியில் இரண்டு சோடாப் போத்தல் மூடிகளை வைத்து உயர்த்தினோம், உச்ச வேகத்தையும் குறைத்து வைத்தோம். நான்கு நிமிடத்துக்கு மேல் போன தொகுப்பு மூன்றுக்கு வந்தது.

அவளுடைய தம்பிக்கு வாங்கப் போனபோது, அவளது செயலியின் நிரலையும் தேவையான மென்பொருளையும் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு மட்டக்களப்பு நகரில் குளிரூட்டி இல்லாத ஒரு கடைக்கு மத்தியானம் பார்த்துப் போனோம். கடைக்காரர் பொறுமையானவர், வாசலோரத்து மேசையில் இடம் தந்தார். ஒரே நிரலை விடாமல் ஐந்து முறை தொகுத்தோம். முதலாவது கணினியில் ஐந்தாவது ஓட்டம் முதல் ஓட்டத்தைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு நேரம் எடுத்தது. இரண்டாவதில் பத்து விநாடிதான் கூடுதல். விசிறி மட்டும் நன்றாக இரைந்தது. அந்த இரண்டாவதைத்தான் தம்பி பையில் போட்டுக்கொண்டான்.