தாலி கட்டும் நேரத்திலாவது போனை மடியில் வையுங்கள்

போன வாரம் ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்க ஒரு புதுப்பெண் ஸ்டுடியோவுக்கு வந்திருந்தார். காங்கயம் பக்கம் நடந்த கல்யாணம். தாலி கட்டும் படத்தைத் திரையில் பெரிதாக்கச் சொன்னார். மாப்பிள்ளையின் கை, தாலிக்கொடி, குனிந்த தலை எல்லாம் சரியாக விழுந்திருந்தன. பின்னால் நின்ற அம்மாவின் முகம் மட்டும் இல்லை. அந்த இடத்தில் சிவப்புக் கவர் போட்ட ஒரு போன். அடுத்த ஏழு படத்திலும் அதே போன். "அண்ணா, அம்மா அழுதாங்களா?" என்று கேட்டார். பக்கத்திலேயே நின்று படம் எடுத்த எனக்கும் தெரியவில்லை.

ஈரோடு, கோபி, தாராபுரம் என்று 18 வருஷமாக முகூர்த்தம் எடுக்கிறேன். முன்பெல்லாம் கெட்டிமேளம் கொட்டினால் எல்லார் கையிலும் அட்சதை இருக்கும். இப்போது வலது கையில் போன். அது ஆடிவிடக் கூடாதென்று இடது கையில் இருக்கும் அட்சதையைப் போடாமலே விட்டுவிடுகிறார்கள். பந்திக்கு எல்லோரும் எழுந்து போனபின் பாருங்கள், நாற்காலிகளில் மஞ்சள் அரிசி அப்படியே கிடக்கும்.

நம் கொங்குப் பக்கத்துக் கல்யாணத்தில் சீர் என்கிற சடங்குகள்தான் உயிர். சீர்களை நடத்திவைக்கும் பெரியவரான அருமைக்காரர் முன்னின்று ஒவ்வொன்றாகச் செய்விக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு அவருடைய சகோதரி செய்யும் இணைச்சீர் நடக்கும்போது மேடையில் அவருக்கே நிற்க இடமில்லாமல் பத்துப் பேர் ஏறி நிற்கிறார்கள். மங்கல வாழ்த்து பாடும்போது ஒருவர் வெளிநாட்டில் இருக்கும் மச்சானுக்கு வீடியோ கால் போட்டு, "கேக்குதா? தெரியுதா?" என்று கத்துகிறார். பாட்டில் பாதி எங்கள் வீடியோவில் பதிவாகவே இல்லை. அதை முழுசாகப் பாடத் தெரிந்தவர்கள் எனக்குத் தெரிந்து கொஞ்சம் பேர்தான் இருக்கிறார்கள். மனசு ஆறவில்லை.

"என் போன்ல 200 மெகாபிக்சல், ப்ளாஷ் போட்டா பளிச்சுனு வரும்" என்று சொல்லாத கல்யாணமே இல்லை. தயவுசெய்து இதை ஒருமுறை பொறுமையாகக் கேளுங்கள். மெகாபிக்சல் கூடினால் வெளிச்சம் கூடாது. வெளிச்சம் போகப்போகச் செத்துவிடும். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒரு பங்கு, மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்கு. ஒரு மீட்டரில் முகத்தைக் காட்டுகிற உங்கள் போன் விளக்கு, பத்து மீட்டர் தள்ளியிருக்கும் மணமேடைக்குப் போகும்போது நூறில் ஒரு பங்குதான். அந்த வெளிச்சம் விழுவது முன்வரிசையில் இருக்கும் சித்தியின் தலைப்பூவில். சரி, கிட்டே போய்ப் போடலாமே என்றால் அது இன்னும் கெடுதல். மேடை விளக்கு மஞ்சள் சாயல், போன் விளக்கு நீலச் சாயல். இரண்டும் கலந்தால் பெண்ணின் ஒரு கன்னம் ஒரு நிறம், மறு கன்னம் வேறு நிறம். உட்கார்ந்து சரிசெய்தாலும் முழுசாகப் போகாது. வீடியோவுக்கு டார்ச் போட்டுக்கொண்டு நிற்பவர்களுக்கு இதைவிடக் கடுமையாகச் சொல்வேன். ஓமப்புகையில் ஏற்கெனவே எரிகிற கண்ணில் போய் அதை அடிக்கிறீர்கள்.

முன்னால் நீளும் கையைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை. மூன்று முடிச்சும் விழ அரை நிமிஷம்கூட ஆகாது; அதற்குள் ஒரு கை மறைத்தால் அந்தப் படம் போனது போனதுதான்.

எங்கள் பக்கமும் தப்பு இருக்கிறது. நாலு கேமராக்காரர்கள் மேடையை மறைத்துக்கொண்டு முதுகைக் காட்டினால் வந்தவர்கள் போனைத் தூக்கித்தான் பார்ப்பார்கள். அதனால் முகூர்த்த நேரத்தில் மேடைக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது, ஓரத்தில் இரண்டே பேர் என்று என் பையன்களுக்குக் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருக்கிறேன். உங்கள் போட்டோகிராபரிடமும் முன்பணம் கொடுக்கும்போதே இதைக் கேட்டு வாங்குங்கள்.

கல்யாண வீட்டுக்காரர்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். முகூர்த்த நேரத்தில் போன் வேண்டாம் என்று பத்திரிகையிலேயே ஒரு வரி போட்டுவிடுங்கள். முகூர்த்தத்துக்குப் பத்து நிமிஷம் முன்னால் அருமைக்காரரோ தாய்மாமனோ மைக்கில் சொல்லட்டும். நாங்கள் சொன்னால் சண்டைக்கு வருகிறார்கள். வர முடியாத சொந்தத்துக்கு நேரலை வேண்டுமென்றால் ஒரே ஒரு ஆளை வைத்து, ஒரு ஸ்டாண்டில் போனை மாட்டிவிடுங்கள். படம் உடனே வேண்டும் என்பதும் நியாயம்தான். பந்தி முடிவதற்குள் இருபது படம் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், நான் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறேன். அப்புறம், பெண் வீட்டார் போடும் முன்னால் விருந்தாளிகள் ஸ்டேட்டஸ் போட வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள்.

விருந்தாளிகளே, வரவேற்பில் எத்தனை வேண்டுமானாலும் எடுங்கள். நானே மணமக்களோடு உங்களை நிறுத்தி எடுத்துத் தருகிறேன். காலையில் கெட்டிமேளம் கொட்டும்போது மட்டும் வேண்டாம் சாமி. பின்னால் சக்கர நாற்காலியில் அம்மாயி உட்கார்ந்திருக்கிறார்கள், உங்கள் கை அவர்களுக்கும் மறைக்கிறது.

அடுத்த முகூர்த்தம் கோபியில். பெண்ணின் தாய்மாமனிடம் நேற்றே போய்ச் சொன்னேன். "நானே மைக்க வாங்கிச் சொல்றனுங்க" என்றிருக்கிறார்.