தாடையில் சத்தம் கேட்டால் திருகாதீர்கள்

பிசியோதெரபிஸ்டான என்னிடம் கடந்த வாரமும் ஒரு கல்லூரி மாணவர் வந்தார். வாயைத் திறந்தால் காதுக்கு முன்னால் ‘டக்’கென்று சத்தம், வலி கிடையாது. ஏதோ ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு, விலகிய எலும்பைச் சரிசெய்வதாக நினைத்து மோவாயைப் பிடித்துத் தினமும் திருகியிருக்கிறார். என்னிடம் வந்தபோது வாய்க்குள் இரண்டு விரல்தான் நுழைந்தது. சத்தம் நின்றுவிட்டதை மட்டும் நல்ல சேதியாகச் சொன்னார்!

எத்தனை பேரிடம்தான் இதையே சொல்வது? அங்கே எலும்பு எதுவும் விலகவில்லை. தாடை எலும்புக்கும் மண்டையோட்டுக்கும் நடுவே மெல்லிய தட்டு ஒன்று இருக்கிறது. வாயைத் திறக்கும்போது எலும்பின் முனை முன்னோக்கி நழுவும், தட்டும் கூடவே நகர வேண்டும். தட்டு சற்று முன்னால் தள்ளியிருந்தால் எலும்பு அதன்மேல் ஏறும்போது சத்தம் வரும், அவ்வளவுதான். மூட்டு நிஜமாகவே விலகினால் உங்களால் வாயை மூடவே முடியாது. அப்போது வீட்டில் யாரும் இழுத்துப் பார்க்காமல் நேராக அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். ‘விலகிடுச்சு’ என்று சாவகாசமாகப் பேசிக்கொண்டிருப்பவருக்கு விலகவில்லை.

வலியோ மாட்டிக்கொள்வதோ இல்லாத வெறும் சத்தத்துக்குச் சிகிச்சையே வேண்டாம். எம்ஆர்ஐ அறிக்கையில் ‘தட்டு இடம்பெயர்ந்துள்ளது’ என்று இருந்தாலும் பதற வேண்டாம், எந்தத் தொந்தரவும் இல்லாத பலருக்கும் அப்படித்தான் தெரியும். வலி குறைந்து, வாய் நன்றாகத் திறந்த பிறகும் “இன்னும் சத்தம் வருதே” என்று குறைப்படுபவர்கள் உண்டு. சத்தத்தை நிறுத்துவது எங்கள் வேலை அல்ல. இருக்கிறதா போய்விட்டதா என்று திறந்து திறந்து பார்ப்பதை முதலில் நிறுத்துங்கள். அதுவே மூட்டை எரிச்சலாக்கும்.

இருந்த சத்தம் திடீரென்று நின்று, வாயும் முன்புபோலத் திறக்கவில்லை என்றால்தான் கவலை. தட்டு முன்னாலேயே சிக்கிக்கொண்டிருக்கலாம். ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் செங்குத்தாக அடுக்கி வாய்க்குள் வைத்துப் பாருங்கள், பெரும்பாலோருக்கு நுழையும். நுழையாவிட்டால் நாட்களைக் கடத்தாமல் வாருங்கள்.

காதுவலி என்று சொட்டு மருந்து ஊற்றிப் பார்த்தவர்களும், நல்ல கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிக்கொண்டவர்களும் என்னிடம் வருகிறார்கள். பல் மருத்துவரும் காது மருத்துவரும் பார்த்து, அங்கே கோளாறு இல்லை என்று சொன்ன பிறகு வருபவர்களுக்கு என் வேலை சுலபம். பெரும்பாலும் குற்றவாளி மெல்லும் தசைதான். கையுறை போட்டு வாய்க்குள் விரல் விட்டு அந்தத் தசையை அழுத்தினால், “இதே வலிதான்” என்பார்கள். (வாய்க்குள் கை வைப்போம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன், இல்லாவிட்டால் மிரண்டுவிடுகிறார்கள்.)

ஒன்றே ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். சும்மா இருக்கும்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று தொடக்கூடாது. உதடு மூடியிருக்கட்டும், பற்களுக்கு நடுவே சிறு இடைவெளி இருக்கட்டும், நாக்கு நுனி மேலண்ணத்தில் முன்பற்களுக்குச் சற்றுப் பின்னால் இருக்கட்டும். கணினி முன்னாலும், வண்டி ஓட்டும்போதும், கோபத்தை அடக்கும்போதும் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது பலருக்குத் தெரிவதே இல்லை. இரவில் மாட்டும் பல் உறை பகல் கடிப்பை நிறுத்தாது.

வலி இருக்கும் நாட்களில் மென்மையான உணவு போதும். சூயிங்கம் வேண்டாம், நகம் கடிக்க வேண்டாம். கன்னத்தில் வெதுவெதுப்பான ஒத்தடம் பத்து, பதினைந்து நிமிடம் கொடுக்கலாம். கொட்டாவி வந்தால் மோவாய்க்கு அடியில் கையைக் கொடுங்கள். நாக்கை அண்ணத்தில் ஒட்டியபடியே வாயை மெதுவாகத் திறந்து மூடுங்கள், ஒரு வேளைக்கு ஆறு முறை போதும். வலி கூடினால் நிறுத்திவிடுங்கள். அதிகம் செய்தால் சீக்கிரம் குணமாகும் என்று நீங்களாகவே அறுபது முறை செய்யாதீர்கள்! பெரும்பாலோருக்கு அறுவை சிகிச்சை தேவைப்படுவதில்லை.

எல்லாத் தாடை வலியும் எங்களுக்கானது அல்ல. நடந்தாலோ படியேறினாலோ வந்து, ஓய்வெடுத்தால் அடங்கும் தாடை வலி இதயத்திலிருந்து வரலாம். அதுவே நெஞ்சு அழுத்தம், வியர்வை, மூச்சுத்திணறலோடு வந்தால் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக நெற்றிப்பொட்டில் தலைவலி, மெல்லும்போது தாடைச் சோர்வு, பார்வையில் மங்கல் என்று வந்தால் ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம், பார்வையே பறிபோகலாம். காய்ச்சலோடு வீக்கம், ஆறாத வாய்ப்புண், கன்னத்தில் மரத்துப்போதல் இருந்தாலும் பிசியோதெரபிக்கு நேரம் கேட்டுக் காத்திருக்காமல் முதலில் மருத்துவரைப் பாருங்கள்.