கார்டு மாமியார் வீட்டில். குழந்தை அம்மா வீட்டில்

சில மாதங்களுக்கு முன் குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு பெண் வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்துக்கு, வக்கீலான என்னைத் தேடி வந்தார். இடுப்பில் ஒன்றே முக்கால் வயதுக் குழந்தை. கணவர் வீட்டை விட்டு வந்து எட்டு மாதம். ஜீவனாம்ச வழக்குப் பற்றிப் பேசத்தான் வந்தார். ஆனால் கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டதுதான் அவருக்குப் பெரிய கவலை.

"தடுப்பூசி கார்டு மாமியார்கிட்ட மாட்டிக்கிச்சு மேடம். புள்ளைய வுட்டுட்டு கார்ட வாங்கிக்கினு போன்னு சொல்றாங்க. ஊசி போடலன்னு எழுதிக் குடுத்தா புள்ளைய கவர்மெண்டே தூக்கிக்கினு பூடும்னு வேற மெரட்டுறாங்க."

அந்த மிரட்டலில் உண்மை இல்லை. தடுப்பூசி தவறிய ஒரே காரணத்துக்காகக் குழந்தையைத் தாயிடமிருந்து பிரிக்கச் சொல்லும் சட்டம் நம் நாட்டில் கிடையாது. பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைகளைப் பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழு இயங்குவது 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின்படி. பெற்றோரால் குழந்தையைப் பாதுகாக்க இயலவில்லை என்று அந்தக் குழு முடிவுக்கு வர முறையான விசாரணை வேண்டும். அப்போதும் குழந்தைகள் இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்று சட்டத்தின் 3ஆம் பிரிவு சொல்கிறது. குடும்பத்தார் மட்டுமல்ல, களப்பணியில் இருக்கும் சிலரும் இந்தக் குழுவின் பெயரைச் சொல்லிப் பயமுறுத்துவதைக் கேட்டிருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். அப்படிச் செய்தால் அடுத்த முறை நர்சம்மா வரும் நாளில் வீடு பூட்டிக் கிடக்கும்.

சம்மதம் பெற்றோருடையதுதான். பள்ளிகளில் தட்டம்மை-ரூபெல்லா ஊசியைப் பெற்றோர் சம்மதமின்றிப் போடக் கூடாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2019இல் சொன்னது. கோவிட் தடுப்பூசி வழக்கில் 2022 மே 2 அன்று உச்ச நீதிமன்றம், யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது என்றது. அதே தீர்ப்பில், குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் அரசின் முடிவில் தலையிட மறுத்துவிட்டது. இந்த இரண்டாவது பாதி வாட்ஸ்அப்பில் வருவதில்லை.

'என் பிள்ளை, என் இஷ்டம்' என்று வாதிடும் அப்பாக்களிடம் நான் ஒத்துப்போவதே இல்லை. 1890ஆம் ஆண்டு காப்பாளர் சட்டமானாலும், 1956ஆம் ஆண்டு இந்து காப்பாளர் சட்டமானாலும், நீதிமன்றம் முதலில் பார்ப்பது பிள்ளையின் நலனை. பெற்றவர் உரிமை அதற்குப் பிறகுதான். பெற்றோர் சம்மதம் பிள்ளைகளுக்கு நன்மை செய்த உதாரணமும் உண்டு. வயிற்றுப்போக்கைத் தரும் ரோட்டா வைரஸுக்கு எதிரான சொட்டு மருந்தின் பெரிய பரிசோதனை டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் நடந்தது. விளக்கம் கேட்டுச் சம்மதித்த பெற்றோரால்தான் அது நடந்தது. இன்று அந்த மருந்து ஆறாவது வாரத்திலிருந்து இலவசமாகக் கிடைக்கிறது.

உண்மையில் நான் பார்க்கும் பெரும்பாலான 'மறுப்பு' கொள்கையால் வருவதில்லை, கூலியால் வருகிறது. பீடி சுற்றும் ஒரு பாட்டி என்னிடம் சொன்னார்: "ஊசி போட்டா ராவெல்லாம் அழுவுது. மறுநாள் முறத்த மடியில வெக்க முடியாது." அவர் மடியில் முறம், முறத்தில் நறுக்கிய இலை, தோளில் பேரன். இந்த வீட்டுக்கு நோட்டீஸ் அனுப்பி என்ன பயன்? காய்ச்சல் பெரும்பாலும் ஓரிரு நாளில் தணியும், அதற்கு நர்சம்மா பாராசிட்டமால் கொடுப்பார், எவ்வளவு கொடுப்பது என்பதையும் அவரே சொல்வார் என்று முன்கூட்டியே பொறுமையாகச் சொன்னால் போதும்.

கணவன் மனைவி பிரிந்திருக்கும் வீடுகளுக்கு இன்னும் சில விஷயங்கள். கார்டு இல்லை என்று ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். கர்ப்பத்தில் கொடுத்த பதிவு எண்ணோ, அப்போது கொடுத்த கைபேசி எண்ணோ போதும், விவரத்தைத் தேடி எடுக்கலாம். இருவர் கையெழுத்தும் வேண்டும் என்று துணை சுகாதார நிலையத்தில் கேட்பதில்லை. விட்ட தவணையை விட்ட இடத்திலிருந்து தொடரலாம், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். தட்டம்மை-ரூபெல்லா ஊசியை 5 வயது வரை போடுகிறார்கள். எதிர்த்தரப்பு வேண்டுமென்றே தடுத்தால், 1890ஆம் ஆண்டு காப்பாளர் சட்டத்தின் 12ஆம் பிரிவில் இடைக்கால உத்தரவு கேட்கலாம். கார்டைக் கைபேசியில் போட்டோ எடுத்து வையுங்கள்.

அந்தப் பெண்ணுக்கு மனு எதுவும் தேவைப்படவில்லை. தலைப்பிரசவம் என்பதால் முதல் தவணைகள் தாய்வீட்டு நர்சம்மாவின் பதிவேட்டிலேயே இருந்தன. ஒன்பதாம் மாத ஊசியை அந்த நர்சம்மா, மாமியார் ஊரான ஆம்பூருக்குப் போன் போட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். புதன்கிழமை வலது கையில் ஒன்று, இடது தொடையில் ஒன்று, வாயில் இரண்டு சொட்டு. அரை மணி நேரம் உட்காரச் சொன்ன நேரத்தில் அந்தப் பெண் எனக்குப் புதுக் கார்டைப் படம் எடுத்து அனுப்பினார். பதினாறாம் மாதக் கட்டத்தில் நீல மையில் தேதி. ஓரத்தில் குழந்தையின் விரலும் பதிந்திருந்தது.