பரதேசி: ஊருக்கு வரும் சாமியை எப்படிச் சொல்வது?

மொழிபெயர்ப்புக் கதைகளில் ஊருக்குள் ஒரு சாமியார் வந்தால் போதும், "நாடோடிப் புனித மனிதர் கிராமத்தை வந்தடைந்தார், மக்கள் அவருக்கு உணவு வழங்கினர்" என்று எழுதிவிடுகிறார்கள். இதில் ஒரு சொல்கூட அந்த ஊர்ச் சொல் இல்லை.

நம்மிடம் இருந்த சொல் பரதேசி. வடமொழியில் பர, தேசம் இரண்டும் சேர்ந்தது. வேற்று நாட்டவர் என்று பொருள். கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய யூதர் தொழுகைக் கூடத்துக்கு இன்றும் பரதேசி சினகாக் என்றுதான் பெயர். தமிழில் அது ஊர் ஊராகப் போகும் துறவியைக் குறித்து, அப்புறம் பிச்சைக்காரரைக் குறித்து, கடைசியில் வசவாகிவிட்டது.

சரி, வசவு வேண்டாம் என்றால் நாடோடியா? நாடோடி குடும்பத்தோடும் ஆடுமாட்டோடும் பிழைப்பைத் தேடிப் போகிறவர். அவருடைய வீடும் கூடவே போகிறது. துறவியோ வீட்டையே விட்டவர். ஓரிடத்தில் நெடுநாள் இருந்தால் பற்று வந்துவிடும் என்றுதான் நகர்ந்துகொண்டே இருக்கிறார். மழைக்காலத்தில் மட்டும் சாதுர்மாசியம் என்று ஓரிடத்தில் தங்குவார். அவர் நடையில் ஒரு விதி இருக்கிறது. அந்த விதியை நாடோடி என்ற சொல் அழித்துவிடுகிறது. தனித்தமிழில் 'அலைதுறவி' என்று வைத்தாலும் எனக்கு ஒப்பவில்லை. அலைவது என்றாலே நமக்கு அலைச்சல், அல்லல்.

'புனித மனிதர்' இன்னும் மோசம். புனிதர் என்றால் தமிழ் வாசகருக்கு நினைவுக்கு வருவது கத்தோலிக்கத் திருச்சபை அறிவித்தவர்கள். திருவோடு ஏந்தி வருபவரை எந்த ஊர்க் கிழவியும் அப்படிச் சொல்ல மாட்டாள்.

'உணவு வழங்கினர்' என்பதும் வெள்ள நிவாரணச் செய்திக்குத்தான் பொருந்தும். இல்வாழ்வான் துணையாக இருக்க வேண்டியவர்களைச் சொல்லும் குறளில் வள்ளுவர் துறந்தாரைத்தான் முதலில் வைக்கிறார். வாசலில் நிற்பவருக்குப் பிச்சை இடுவது வீட்டாரின் கடமை. தேனீயைப் போல வீட்டுக்கு வீடு கொஞ்சம் கொஞ்சமாக வாங்குவதற்கு மதுகரம் என்று தனிப்பெயரே உண்டு. இத்தனை இருந்தும் அகராதியைப் புரட்டும் மொழிபெயர்ப்பாளர்கள் ஊர்ப் பேச்சைக் காதில் வாங்குவதில்லை.

பழங்காலக் கதை என்றால் பரதேசி என்றே எழுதலாம், இடமே பொருளைக் காட்டிவிடும். இக்காலக் கதைக்கு 'ஊர் ஊராகப் போகும் துறவி' போதும். ஊர்க்காரர் வாயில் "சாமி வந்திருக்காங்க". மடாதிபதி பல்லக்கில் வந்தால் 'எழுந்தருளினார்' என்று எழுதுங்கள். நடந்து வருபவருக்கு 'வந்தார்' என்பதே சரி.