இடம் மாறாத ஒற்றை &

திருகோணமலை உவர்மலையில் இருந்து உயர்தரம் படிக்கும் ஒரு தங்கை கேட்டிருந்தார்: "அண்ணா, பைதன் நிரல்மொழியில் 'அண்ட்' (and), 'ஓர்' (or) என்று சொல்லாகவே எழுதுகிறோம். சி மொழியில் ஏன் &&, || என்று குறி போடுகிறார்கள்?"

வேலை ஒன்றுதான். 'அண்ட்', && இரண்டுமே இடப்பக்கம் பொய் என்றால் வலப்பக்கத்தைத் திரும்பியும் பார்க்காது. சொல்லை ஒப்பரேட்டராக வைத்தால் அந்தப் பெயரில் மாறி வைக்க முடியாது, பக்கத்துப் பெயரோடு ஒட்டியும் எழுத முடியாது. குறிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. சரி, அது சின்ன விஷயம். எனக்குப் பிடித்த கதை ஒற்றை &-இல் இருக்கிறது.

சி-க்கு முந்திய பி மொழியில் && கிடையாது. & மட்டும்தான். இஃப் நிபந்தனைக்குள் வந்தால் அது 'இதுவும் உண்மை, அதுவும் உண்மை' என்று பார்க்கும். மற்ற இடங்களில் இரண்டு எண்களின் பிட்டுகளை, அதாவது கணினிக்குள் எண்ணைக் குறிக்கும் 0, 1 இலக்கங்களை, சோடி சோடியாகச் சேர்க்கும் (இரண்டும் 1 என்றால் மட்டுமே 1). == என்பது இரு பக்கமும் சமமா என்று பார்க்கும் குறி. க == ச & ட என்று எழுதினால் ஒப்பீடு முதலில் நடக்க வேண்டும் அல்லவா? அதனால் &-க்கு ==-ஐ விடக் குறைந்த முன்னுரிமை, அதாவது அதற்குப் பிறகே கணிக்கப்படும். 1970களின் தொடக்கத்தில் சி உருவானபோது அதை உருவாக்கிய டெனிஸ் ரிச்சி நிபந்தனை வேலையை &&-இடம் கொடுத்தார். பிட் வேலை மட்டும் மிஞ்சிய &-ஐ அப்போதே முன்னுரிமையில் மேலே ஏற்றியிருக்கலாம். ஆனால் பி-இல் எழுதிய நிரல்களை சி-க்கு மாற்றுவது சிரமமாகும் என்று பழைய இடத்திலேயே விட்டார். ஏற்றியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பிற்காலத்தில் அவரே எழுதினார்.

விளைவைப் பாருங்கள். இரட்டை எண்ணின் கடைசி பிட் 0, ஒற்றை எண்ணின் கடைசி பிட் 1; அதை 1-உடன் சேர்த்துப் பார்க்கலாம். ஓர் எண் இரட்டையா என்று அறிய ந & 1 == 0 என்று சி-இல் எழுதுகிறீர்கள். முதலில் கணிக்கப்படுவது 1 == 0. அது பொய், அதாவது 0. அப்புறம் ந & 0. எந்த எண்ணைக் கொடுத்தாலும் விடை 0, ஆகவே 4 கூட இரட்டை எண் இல்லை என்றாகிவிடும்! இலக்கணப்படி பிழை இல்லாததால் நிரல் ஓடும். (ந & 1) == 0 என்று அடைப்புக்குறி போட்டால்தான் சரிவரும். ஜாவாஸ்கிரிப்டும் இதே வரிசையை வாங்கிக்கொண்டது. பைதன் &-ஐ ஒப்பீடுகளுக்கு மேலே வைத்துச் சரிசெய்தது.

டியூட்டரிகளில் முன்னுரிமை அட்டவணையை மனனம் செய்ய வைப்பதோடு நிறுத்துவது எனக்கு உடன்பாடில்லை. இந்த வரலாற்றையும் சொன்னால் அட்டவணை தானாக மனதில் நிற்கும்.

சொல்லுக்கு மாறினால் மட்டும் சிக்கல் தீராது. ரூபி என்ற நிரல்மொழியில் && உண்டு, 'அண்ட்' உம் உண்டு; ஆனால் 'அண்ட்' இன் முன்னுரிமை, மாறிக்குள் மதிப்பைப் போடும் = குறியை விடவும் கீழே. ப = உண்மை அண்ட் பொய் என்று எழுதினால் ப-வுக்குள் போவது 'உண்மை'. என் தெரிவு பைதனின் வழி: தர்க்கத்துக்குச் சொல், பிட்டுக்குக் குறி. இரண்டு வேலையும் பார்வையிலேயே வேறுபடும்.